ரப்பர் பூட்ஸ், ஒரு ஜோடி

பாலத்தின் மேல் ரயில் எட்டு நிமிடம்.
இந்தக் கரை என்கர்நாசியோன், அந்தக் கரை போசாதாஸ்.
நடுவில் பரானா, யாருக்கும் சாட்சி சொல்லாத தண்ணீர்.
கடவுச்சீட்டில் இனி இடமில்லை,
அதிகாரி ஓரத்தில் சாய்த்து முத்திரை குத்துகிறான்.
என் பையைப் பார்த்து, “சாமான் வாங்கவா?” என்கிறான்.
இல்லை, காட்ட.

லிபோரியோ கான்யேத்தே, வழக்கறிஞர், வயது நாற்பத்தாறு.
நான் அவருடைய தட்டச்சுக்காரி.
யெர்பா இலை பறிக்கும் முப்பத்தொரு பேருக்கு
நான்கு மாதக் கூலி கேட்கப் போனார்.
மழை. செம்மண் முழங்கால்வரை இழுக்கும் என்று
முந்தின நாள்தான் ரப்பர் பூட்ஸ் வாங்கினார்,
ஒரு அளவு பெரிதாக.
உள்ளே ஒட்டியிருந்த விலைச்சீட்டை உரிக்கக்கூட இல்லை.

வியாழன் இரவு பிடித்தார்கள்.
வெள்ளி காலை ஐந்தே முக்காலுக்கு
“தன் காலணிக் கயிற்றில்”
என்று எழுதினார்கள்.

அப்புறம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு பொட்டலம் தந்தார்கள்:
கண்ணாடி, ஒரு காம்பு இல்லாமல்.
மூடியில்லாத பேனா.
முப்பத்தொரு பெயர் எழுதிய தாள் இல்லை.
பூட்ஸ் இருந்தது, சேறு காய்ந்து, விலைச்சீட்டோடு.

பத்து மனுவிலும் நான் கேட்டது இவ்வளவுதான்:
ரப்பர் பூட்ஸுக்கு ஏது ஐயா கயிறு?

நான்காவதுக்கு, தூதரகத்தைக் கேள் என்றார்கள்.
தூதரகம், காவல் நிலையத்தைக் கேள் என்றது.
ஏழாவது தொலைந்தது.
எட்டாவது, ஏழாவதைத் தேடித் தரச் சொல்லி.

பதினோராவதுக்கு இன்று விசாரணை.
அவர் மனைவி எர்மெலிந்தா குவரானியில் பேசினாள்.
எங்கள் மொழியில் இரண்டு உண்டு:
கேட்பவரையும் கூட்டிக்கொள்ளும் நாம்,
கேட்பவரை வாசலிலேயே நிறுத்தும் நாங்கள்.
“நாங்கள் அவரை இழந்தோம்,” என்றாள்,
நிதானமாக, ஒரு கதவைச் சாத்துவது மாதிரி.

மொழிபெயர்ப்பாளரிடம் ஸ்பானியத்தில் ஒன்றுதான் இருந்தது.
அதில் எல்லோரும் ஏறிக்கொண்டார்கள்,
எழுத்தர், அரசு வக்கீல்,
சுவரோரம் தொப்பியை மடியில் வைத்திருந்த அந்த இரண்டு பேரும்.
நீதிபதி உருக்கமாகத் தலையசைத்தார்.

லிபோரியோ எல்லோரிடமும் நாம் என்றுதான் பேசுவார்.
ஜப்தி செய்ய வந்தவனிடம்கூட:
“நாம இதைப் பேசித் தீர்த்துக்கலாம்.”
அந்த இரவும் அப்படித்தான் பேசியிருப்பார்.
எந்த நேரம்வரை என்பதுதான்
எனக்குத் தெரிய வேண்டும்.

என்னை யாரும் அழைக்கவில்லை.
எழுந்துபோய்ப் பையைத் திறந்து
பூட்ஸை மேசைமேல் வைத்தேன்.
மூன்று வருடச் சேறு
அவர்கள் தாள்களின்மேல் பொடியாக உதிர்ந்தது.

காவலாளி என் தோளைத் தொட்டான்.
நீதிபதி, இருக்கட்டும் என்றார்.
எழுத்தர் குறிக்கத் தொடங்கினார்:
ரப்பர் பூட்ஸ், ஒரு ஜோடி, கருப்பு.
பழக்கத்தில் அடுத்த கட்டத்துக்குப் போனவர்
கயிறு, என்று வாய்விட்டுச் சொல்லி நின்றார்.

ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.
மற்றதையும்.

இல்லை, என்று எழுதினார்.