கொசுறு

சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட், காலை ஆறே முக்கால்.
பெட்டியைத் திறக்கிறேன்.
வெல்வெட் குழிகளில் பித்தளைக் கற்கள்,
ஐந்து கிராமிலிருந்து இரண்டு கிலோ வரை.
வெறும் கையால் தொடக்கூடாது.
விரல் வியர்வைக்கும் எடை உண்டு
என்று பயிற்சியில் சொன்னார்கள்.

"முத்திரை மேடம் வந்துட்டாங்கோ"
யாரோ குரல் கொடுக்க,
மூன்று வரிசை தள்ளி
தராசுகள் அவசரமாய்ப் பூஜ்யத்துக்குத் திரும்புகின்றன.
தேசம்மாளுடையது திரும்பவில்லை.
கிலோவுக்கு அறுபது கிராம் குறைவு.
அவள் மறுக்கவும் இல்லை.
"ஐஸு கரையுது, லோடு வண்டிக்காரன் திருடுறான்,
அந்த அறுவதுதான் மேடம் என் வாடகை"
என்றபடி செதிலைச் சீவுகிறாள்.

அதற்கு முன் அரை மணி நேரம்
டீக்கடையோரம் நின்று பார்த்திருந்தேன்.
ஒவ்வொரு பையும் நிறுத்தபின்
முடிச்சுப் போடுமுன்
அவள் இடது கை தானாய் அன்னக்கூடைக்குள் போய்
ஒரு பிடி நெத்திலி அள்ளிப் போட்டது.
யாருக்கு என்று பார்க்கவில்லை.
"பூனைக்குப் போடு, போ."
பூனை இல்லாதவனுக்கும் அதுதான்.

அலுவலக உதவியாளர் ஏகாம்பரத்தை அனுப்பி
ஒரு கிலோ சங்கரா வாங்கவைத்தேன்.
மீன் தொள்ளாயிரத்து நாற்பது.
நெத்திலி எண்பத்தைந்து.
படிவத்தில் மூன்று கட்டங்கள்:
சொன்ன எடை, உள்ள எடை, குறைவு.
எண்பத்தைந்தை எழுத இடமில்லை.

என் கற்களை ஆண்டுக்கொருமுறை
அலுவலகக் கல்லோடு ஒப்பிடுவார்கள்.
அதை இன்னொரு ஊர்க் கல்லோடு.
அதை டெல்லியில் ஒன்றோடு.
கடைசியாய் எங்கோ வெளிநாட்டில்
கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு கல் இருந்ததாம்.
இப்போது அதுவும் ஓய்வு பெற்றுவிட்டது,
ஏதோ ஓர் எண்ணிலிருந்து கணக்கிடுகிறார்கள்.
புரியவில்லை. கேட்கவும் இல்லை.

அப்பா ரேஷன் கடையில் எடை போட்டவர்.
சர்க்கரையோடு சேர்த்து
அவர் கட்டைவிரலையும் நிறுத்து வாங்கிப் போனது
புளியந்தோப்பு.
அந்த விரலின் எடைதான்
எங்கள் வீட்டுப் பாயசம், என் கல்லூரிக் கட்டணம்,
இந்தப் பித்தளைப் பெட்டி.
அதே மனிதர்
கண்டக்டர் கூடுதலாய்க் கொடுத்த ஏழு ரூபாயைத் திருப்பித் தர
மழையில் டிப்போவரை நடந்திருக்கிறார்.
"அந்தாளு கைக்காசு போட்டுக் கட்டணும்டி."
சர்க்கரை?
"அது வேற."
அந்த வேறு எங்கே தொடங்குகிறது என்று
நானும் பத்தொன்பது வருடமாய்
ஊர் ஊராய் நிறுத்துப் பார்க்கிறேன்.

அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு
அதே கையால் இரண்டு வவ்வாலை எடுத்து
என் பைக்கு நேரே நீட்டினாள்.
"லஞ்சம்லாம் இல்ல மேடம்.
அதான் சீட்டு போட்டுட்டியே,
இனிமே இன்னா லஞ்சம்?
கொசுறு."

வாங்காதவளுக்கு ஏது கொசுறு
என்று சொல்லியிருக்கலாம்.
விதி எண் சொல்லியிருக்கலாம்.
விதி ஞாபகம் வருமுன்
கை பின்னால் போயிருந்தது,
காது மடல் சுட்டது.
அவள் முகம் சுருங்கியதைப் பார்த்ததும்
மறுபடி சுட்டது, அதே காது.
முதல் சூடு எதற்கு, இரண்டாவது எதற்கு,
யார் மூட்டிய அடுப்பு?
தேசம்மாள் மீனைக் கூடையில் போட்டுவிட்டு
அடுத்த ஆளிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

பறக்கும் ரயில் சேப்பாக்கம் தாண்டியதும்
மடியில் வைத்துப் பெட்டியைத் திறந்தேன்.
இருநூறு கிராம் கல்லை
வெறும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.
முதலில் சில்லென்றது.
மயிலாப்பூர் வருவதற்குள்
கை எது கல் எது என்று தெரியாத வெதுவெதுப்பு.
துடைக்காமல் குழிக்குள் வைத்தேன்.
அடுத்த சோதனையில் கண்டுபிடிக்கட்டும்:
ஒரு கட்டைவிரல் ரேகை
கூடுதல்.