முப்பத்தெட்டு மணித்தியாலம்

பத்தொன்பதாம் மாடியிலிருந்து பார்த்தால்
கப்பல் ஓர் ஊர் மாதிரி எரிகிறது.
ஊர் ஒரு கடல் மாதிரி இருண்டு கிடக்கிறது.
கோட்டையில் இரவு எட்டரை. மின்வெட்டில் எங்கள் முறை.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை என்று
வாசலில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறி வந்தேன்.
மடிக்கணினியில் நாற்பது வீதம் மிச்சம்.

கப்பலுக்குள் முப்பத்தேழாயிரம் தொன் டீசல்.
வாங்கியவர் நாங்கள். நாங்கள் என்றால் நாடு.
விற்றவர் சிங்கப்பூரில்.
நான் விற்றவரின் சட்டத்தரணி.

காசு வந்தால் குழாய் திறக்கும்.
நாணயக் கடிதத்தை உறுதிப்படுத்த
வெளிநாட்டு வங்கி ஒன்றும் வரவில்லை.
நாணயம் என்ற சொல்லுக்கு
எங்கள் மொழியில் இரண்டு பொருள்.
அந்த வாரம் இரண்டுமே கையிருப்பில் இல்லை.

காணி வழக்கா, விவாகரத்தா என்று கேட்பார்கள்
வெள்ளவத்தையில், மாடிப்படியில், மீன் பையோடு.
பெறுதி ஒப்பந்தங்கள் என்பேன்.
பெறுமதியில் ஓர் எழுத்தைக் கழற்றினால் பெறுதி.
எண்ணெயைத் தொடாமல்
எண்ணெயின் நாளைய விலையைத் தொடுவது.
'அப்ப சூதாட்டமா?' என்றார் திருமதி அருளம்பலம்.
இல்லை, சூதாட்டத்துக்கு எதிரான காப்புறுதி.
'அதுவும் சூதாட்டம்தானே' என்று கதவைச் சாத்தினார்.
இரண்டு வருடமாக அதற்குப் பதில் யோசிக்கிறேன்.

தாமதக் கட்டணம்
நாளொன்றுக்கு இருபத்திரண்டாயிரம் டொலர்.
அந்த வாசகத்தில் ஒவ்வொரு காற்புள்ளியும் நான் வைத்தது.
கப்பல் தயார் என்ற அறிவித்தலில்
கப்டன் ஒப்பமிட்டது சனிக்கிழமை, மாலை ஆறு மணி.
கைபேசி வெளிச்சத்தை மேசைக் கலண்டரில் பிடித்தேன்.
அந்தச் சனி சிவப்பு.
போயா.

விடுமுறையில் தரும் அறிவித்தல்
அடுத்த வேலைநாள் காலை எட்டுக்கே கிடைத்ததாகும்:
ஒன்பதாம் வாசகம். அதுவும் நான் எழுதியதுதான்.
சனிக்கு ஆறு, ஞாயிறு இருபத்துநாலு, திங்கள் எட்டு.
விரல்விட்டே எண்ணினேன், கணினியை நம்பாமல்.
முப்பத்துநாலாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் டொலர்
நாடு தரத் தேவையில்லை.
நாட்டுக்கு அது தெரியாது.
நாட்டின் சட்டத்தரணி அனுப்பிய பதிலில்
தெய்வச்செயல் பற்றி இரண்டு பக்கம் இருந்தது,
நிலவைப் பற்றி ஒரு வரி இல்லை.

கட்சிக்காரருக்கு எழுதினேன்: ஒன்பதில் நாம் பலவீனம்.
நாலு நிமிடத்தில் பதில்: அவர்கள் கேட்டால் பார்ப்போம்.
அதில் பிழை இல்லை.
அவர் இடத்தில் நானும் அதையே எழுதியிருப்பேன்,
ஒரு வணக்கம் கூடச் சேர்த்து.
திரை அணைந்தது.
கப்பல் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

விடிய நாலரை. பம்பலப்பிட்டியில் பெற்றோல் வரிசை.
ஒழுங்கை வாசலில்
சைக்கிள் சங்கிலியில் கோத்த காஸ் சிலிண்டர்கள்,
சொந்தக்காரர் யாரும் இல்லாமல், முறை தவறாமல்.
எனக்கு முன்னால் ஒரு சிவப்பு அல்டோ.
பின்கதவைத் திறந்து வைத்து
கோப்புப் படித்தபடி நிலூக்கா வீரக்கொடி,
கூட்டுத்தாபனத்துச் சட்ட அதிகாரி.
தெய்வச்செயல் எழுதியவள்.

அவளுடைய போத்தலிலிருந்து பிளேன்டீ ஊற்றினாள்.
சீனி இல்லை, மன்னிக்கவும் என்றாள்.
வழக்கைப் பேசவில்லை. அது ஒழுக்கம்.
மகனுக்கு இருமல், நெபுலைசருக்கு மின்சாரம் இல்லை,
மாமியார் வீட்டில் விட்டிருக்கிறாளாம்.
நான் கப்பல்கள் இருக்கும் பக்கம் பார்க்காமல் நின்றேன்.

பிறகு சிங்களத்தில் சொன்னேன்,
ஏன் சொன்னேன் என்று எந்தச் சபையிலும் சொல்ல முடியாது:
போன போயாவுக்கு நல்ல நிலவு, இல்லையா?
சனிக்கிழமை. கரண்ட் இல்லாததால் கூடத் தெரிந்தது.

அவள் கோப்பையை வாயில் வைத்தபடியே
என்னைப் பார்த்தாள்.
முன்னால் வரிசை நகர்ந்துவிட்டது.
மூன்று கார் நீளத்துக்கு வெறுந்தார்.
பின்னால் ஹோர்ன், ஒருவன் தூஷணம்.
நான் என் காரின் ஹாண்ட்பிரேக்கை விட்டு
தோளைக் கொடுத்து நின்றேன்.

தள்ளுங்கள் நிலூக்கா, என்றேன்.