ஆறின படுக்கை

மாடியறையில் கட்டில் ஒன்று, வாடகை இரண்டு.
இரவுக்கு லூக் டார்டாஃப், சாயப்பட்டறை.
பகலுக்கு ஃபெஸ்டஸ் கவகன்,
மேயோவிலிருந்து பசியோடு கப்பலேறியவன்;
இரவெல்லாம் கம்பளி சீவும் கொட்டகையில் வெந்து
விடியலில் பனியில் நனைந்து வருவான்.
ஆளுக்கு வாரம் இரண்டு ஷில்லிங்,
வெந்நீர் உண்டு, மெழுகுவத்தி கிடையாது.

ஐந்தரை மணிக்கு ஒருவன் இறங்குவான், ஒருவன் ஏறுவான்.
குறுகல் படி. தோள் உரசும்.
அவ்வளவுதான் அவர்கள் பேச்சு.
சனி இரவு மட்டும் காசு சுண்டிப் பார்த்து
தோற்றவன் தரையில் படுப்பான்.

லூக்கின் கை முழங்கைவரை அவுரி.
எந்தச் சோப்புக்கும் அசையாது,
தூக்கத்தில் வியர்த்தால் மட்டும் இளகும்.
தலையணை உறையை வெளுத்து வெளுத்து
என் கையும் நீலமானதுதான் மிச்சம்.
ஃபெஸ்டஸ் எழுந்து வரும்போது
ஒரு பக்கக் கன்னம் வானமாயிருக்கும்.
'யாரய்யா அந்த நீல உதட்டுக்காரி?'
கொட்டகையில் கேட்பார்களாம்.
அவன் சொல்வதில்லை.
துடைப்பதும் இல்லை என்பதை நான் கவனித்தேன்.

மார்ச் கடைசியில் ஒரு வியாழன்
லூக் வேலைக்குப் போனான்.
மூன்று வார வாடகை பாக்கி,
ஆணியில் ஒரு தொப்பி.
லீட்ஸ் என்றார் ஒருவர், பட்டாளம் என்றார் ஒருவர்.
ஓடை அன்றும் நீலமாகத்தான் ஓடியது;
எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்,
யாரிடமும் சொல்லவில்லை.

குடிக்கணக்குத் தாள் வந்தபோது
எழுதத் தெரிந்தது வீட்டில் கெசாயா ஒருத்திக்குத்தான்.
ஒன்பது வயது, அரை நாள் நூற்பாலை, அரை நாள் பள்ளி.
ஜோனாஸ் பாராக்ளஃப், கம்பளி தரம்பிரிப்பவர்.
(தரம் பிரித்த தூசு அவர் நெஞ்சில் இருக்கிறது,
அதற்குக் கட்டம் இல்லை.)
சில்லா, மனைவி, நெசவு.
ஃபெஸ்டஸ் கவகன், குடியிருப்பவர்.
'டார்டாஃப் மாமா?' பேனா நின்றது.
அந்த இரவு இங்கே உறங்கியவர்கள் மட்டும் என்றேன்.
கணக்கு கணக்குதான்.

அடுத்த வெள்ளி ஃபெஸ்டஸ் ஒன்றரை ஷில்லிங் வைத்தான்.
மீதி எங்கே என்றேன்.
'சூடான படுக்கைக்குத்தான் இரண்டு, மிசஸ்.
இது ஆறின படுக்கை.
ஏழு மாதமாகக் காலை வைத்ததும் கதகதவென்று இருக்கும்.
இப்போது ஈரக் கல்லில் படுப்பதுபோல.'
தலை நிமிரவில்லை.
கன்னம் வெளுத்துவிட்டிருந்தது.

பேரம் பேச எனக்கா தெரியாது?
ஆனால் வாய் வரவில்லை.
உறையை வெளுக்காதே என்றும் சொன்னான்.
சரி, சோப்பு மிச்சம்.

மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து
அடுப்புச் செங்கல்லைப் பழைய ஃபிளானலில் சுற்றி
மாடிக்குக் கொண்டுபோய்
கட்டிலின் நடுவே குழி விழுந்த இடத்தில் வைத்தேன்.
அவன் வரும் அரவம் கேட்டதும் எடுத்துவிட்டேன்.
ஒன்றும் கேட்கவில்லை அவன்.
நானும் ஒன்றும் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை மேசையில் இரண்டு முழு ஷில்லிங்,
பக்கத்தில் ஒரு பென்னி.
எடுத்துக்கொண்டேன்.
நிலக்கரி சும்மாவா வருகிறது?