துளை எண் இருபத்து மூன்று

பனி உருகிய மூன்றாம் நாள்
சுல்ஃப்ரியின் பார்லி வயலில் இயந்திரத்தை இறக்கினோம்.
சங்கிலித் தடம் பதிந்த இடமெல்லாம் நீர் ஊறியது.
விதைப்புக்கு முன்னால் போய்விடுவீர்களா, என்றாள்.
போய்விடுவோம் என்றான் ஆர்ன்ஃபின்.
ரயில் பாதை இரட்டையாவதற்கு
இன்னும் ஐந்தே துளைகள்.

முதல் இரண்டு மீட்டர் காய்ந்த மேலோடு.
கடன் கேட்டுப் போனவன் படியேறுவதுபோல
கம்பி தயங்கித் தயங்கி இறங்கியது.
மூன்றில் களிமண். சாம்பல் நிறம். நல்ல பிடி.
திரையில் கோடு மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது:
ஆழம் கூடக்கூட எதிர்ப்பும் கூட வேண்டும்,
மண்ணின் எளிய கணக்கு.

ஒன்பதில் கணக்கு நின்றது.
கொத்தனாரின் தூக்குக்குண்டு நூல்போல
கோடு நேராகக் கீழே போயிற்று.
பத்து. பதினொன்று.
பதினாறு.
கம்பிமேல் கம்பி மாட்டினேன்,
ஒரு மறுப்பும் சொல்லாமல் வாங்கிக்கொண்டது மண்.
ஆர்ன்ஃபின் சூயிங்கம் மெல்வதை நிறுத்தினான்.
இருபத்தொன்றில் பாறை, ணங்கென்று.
பாறை இவ்வளவு பிரியமாய் ஒலித்து
நான் கேட்டதில்லை.

மாதிரி உருளையிலிருந்து ஒரு துண்டை அறுத்து
வண்டியின் பின்கதவில் நிறுத்தினோம்.
தலையில் ஸ்பானரை வைத்தான். தாங்கியது.
அதே துண்டைக் கோப்பையில் போட்டுக்
கரண்டியால் கிண்டினேன்,
இருபது சுற்று இருக்கும்.
கஞ்சியாயிற்று.
ஒரு சொட்டு நீர் சேர்க்கவில்லை.
சாய்த்தால் ஊற்றியது.

ஒரு காலத்தில் இது கடலடி.
பனியாறு அரைத்த மாவு உப்புநீரில் படிந்தபோது
சீட்டுக்கட்டு வீடுபோல அடுக்கிக்கொண்டது.
உப்புதான் பிடித்து நிறுத்தியது.
பிறகு நிலம் எழுந்தது, கடல் விலகியது,
மழை நீர் அந்த உப்பைக்
கொஞ்சம் கொஞ்சமாய்க் கழுவிக்கொண்டு போயிற்று,
ஆயிரமாயிரம் ஆண்டுகள், யாரிடமும் சொல்லாமல்.
வீடு மட்டும் நிற்கிறது,
தொடாதவரை.
உப்புப் பெறாத விஷயம் என்போமே,
இங்கே உப்புப் போன மண்ணின் மேல்தான்
ஒரு மாட்டுக்கொட்டில், ஒரு களஞ்சியம்,
பள்ளிப் பேருந்து திரும்பும் வளைவு.

காபிக்குக் கூப்பிட்டாள்.
கண்டதைச் சொல்ல எங்களுக்கு அதிகாரமில்லை;
ஆய்வகம் சொல்ல வேண்டும், அலுவலகம் சொல்ல வேண்டும்,
முத்திரையோடு, ஆறு வாரம் கழித்து.
என்ன கிடைத்தது?
களிமண், என்றான் ஆர்ன்ஃபின்.
அது உழுகிற எனக்குத் தெரியாதா, என்று சிரித்தாள்.

சன்னலுக்கு வெளியே ஓடைச் சரிவைக் காட்டினாள்.
அந்தப் பள்ளத்தை மேடாக்கப் போகிறாளாம்.
சுரங்க வேலை மண், இலவசம்,
திங்கட்கிழமை நாற்பது லாரி,
சரிவின் விளிம்பில் கொட்டிவிட்டுப் போவார்களாம்.

நான் கோப்பையைப் பார்த்தேன்.
ஆர்ன்ஃபின் தன் கோப்பையைக் கீழே வைத்தான்,
முட்டையை வைப்பதுபோல.
லாரிகளை வரச் சொல்லாதீர்கள்.
ஏன்?
வரச் சொல்லாதீர்கள்.
இருபத்தேழு வருட வேலையில்
அவன் விதியை மீறி நான் பார்த்த ஒரே வாக்கியம்.
சர்க்கரைக் கிண்ணத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு
தொலைபேசியை எடுத்தாள்.
அந்தப் பக்கத்து ஆள் கத்துவது எங்களுக்கும் கேட்டது.

இலையுதிர் காலத்தில் திரும்பி வந்தோம்,
இந்த முறை எடுக்க அல்ல, கொடுக்க:
துளை துளையாய்ப் பொட்டாசியம் உப்பு,
மூட்டை மூட்டையாய், கீழே.
சுல்ஃப்ரி ஒரு மூட்டையில் விரல் தொட்டு நக்கினாள்.
கசக்கிறது, என்று துப்பினாள்.
எவ்வளவு நாளாகும்?
துளையைச் சுற்றி ஒரு முழம் பரவ வருடங்கள், என்றேன்.
அவள் தன் வயதைக் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும்.
பதில் சொல்லவில்லை.
கொட்டிலுக்குப் போய்ப் பழைய கதவுப் பலகைகளை
ஒவ்வொன்றாய் இழுத்து வந்து
வயல் குறுக்கே பரப்பினாள்.

அவற்றின் மேல்தான் நகர்த்தினோம் இயந்திரத்தை
அடுத்த துளைக்கு,
தூங்குகிறவரைத் தாண்டுவதுபோல.