பற்று

எட்டாவது மாடி. லிஃப்டுக்குள்
யாரோ கட்டில் கால் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.
ஏறி வந்த மூச்சு அடங்குமுன்
டேப்லெட்டைத் திறந்து ஒப்புதல் படிவத்தை வாசித்தேன்.
ஒரு படிவத்துக்கு நூற்றெண்பது ரூபாய்.
பாதியில் நின்றால் கிடையாது.

"எதப் பத்திம்மா?"
பற்று வகைகள் பற்றி, என்றேன்.
அடையாறில் மூன்று நாள் பயிற்சியில்
அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள்.
"பத்தா? தோ, போட்டுகிறேனே,"
இடது மணிக்கட்டை நீட்டினாள் அமுலு.
மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த பத்து
காய்ந்து வெடித்திருந்தது.
வீக்கம் அதற்கு வெளியேயும் இருந்தது.

நான் திருத்தவில்லை.

கேள்விகள் எல்லாம் 'நான்' என்றே தொடங்கும்.
நான் எளிதில் நெருங்குகிறேன்.
நான் நெருங்கத் தயங்குகிறேன்.
நான், நான், நான்.
ஒன்று முதல் ஐந்துவரை ஓர் எண் சொல்ல வேண்டும்.
அடித்த கையைப் பற்றி
நாற்பதில் ஒன்றுகூட இல்லை.

அவனை அவள் 'அது' என்கிறாள்.
அது வரும். அது துன்னாது. அது தூங்குது.
படிவத்தில் 'துணைவர்'.

சின்ன வயதில் யார் வளர்த்தது என்றதற்கு
நொச்சிக்குப்பத்துக் குடிசையைச் சொன்னாள்.
"அம்மா மந்தவெளில நாலு வூட்ல வேல.
வெளில கொக்கி போட்டுட்டுப் பூடும்.
உள்ள குந்திகினு அந்தக் கொக்கிச் சத்தத்துக்கே
காதக் குடுத்துகினு இருப்பேன்.
வந்தா ஒரு நாளு மடில போட்டுகினு வட குடுக்கும்.
ஒரு நாளு ஒண்ணுமில்லாததுக்குக் கரண்டியால போடும்.
எந்த நாளு எதுன்னு கொக்கிக்குத் தெரியுமா?"
கொஞ்சம் சிரித்தாள்.
"ஆனா அந்தச் சத்தம் கேட்டாத்தான் உசுரு வரும்.
இப்பவும் ராத்திரில கொக்கிச் சத்தந்தான்.
உசுரு போவுது.
சத்தம் அதே சத்தம்மா."

இதை எங்கே எழுதுவது?
குறிப்புக்கு அறுபது எழுத்துதான் இடம்.

கேள்வி பதினான்கு:
துணைவர் என்னை விட்டுப் போய்விடுவாரோ என்று அஞ்சுகிறேன்.
வெளியே நடையில் யாரோ காலிக் குடத்தை
உருட்டிக்கொண்டு போனார்கள்.
"ஆடி மாசம் பூட்ச்சு. ஒம்போது நாளு.
மொத நாளு சங்கரா வாங்கி நல்லாத் துன்னேன்.
கால நீட்டிப் படுத்தேன்.
ரெண்டாம் நா தூக்கம் வர்ல.
அதுக்கு மறுநா நானே போன் போட்டேன்,
வலிக்கிற கையாலயே.
வந்து மடில தல வெச்சு கொயந்தயாட்டம் அழுவுது,
நீ பூட்டா செத்துருவேன்னு.
சொல்லு, இதுக்கு எத்தினி போடுவ?"

நான் கவிழ்த்து வைத்திருந்த போன்
தரையில் மறுபடி அதிர்ந்தது.
அவள் போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"எடுத்துப் பேசேன். கோச்சுக்கப் போவுது."
எழுவாய் இல்லாத வாக்கியம்.
ஆபீஸ், என்றேன்.

படியில் இறங்கும்போது எண்ணினேன்,
பதினேழு மிஸ்டு கால்.
லொகேஷன் போடு. யார்கூட இருக்க.
சாரிடா. யார்கூட இருக்க.
போட்டேன்.
நீலப் புள்ளி பெரும்பாக்கத்தில் துடித்தது.

சோழிங்கநல்லூர் சிக்னலில் பஸ் நிற்க,
படிவத்தை அனுப்பப் பார்த்தேன்.
பதினான்கு காலியாக இருக்கிறதென்று
சிவப்பில் தடுத்தது.
அமுலு எண் எதுவும் சொல்லவில்லை.
கிளம்பும்போது நான் நீட்டிய
உதவி எண் அச்சிட்ட சீட்டை மட்டும் வாங்கி
அரிசி டப்பாவுக்கு அடியில் செருகினாள்.
"இன்னொண்ணு கீதா?" என்று கேட்டாள்.
பக்கத்து வீட்டுக்கோ என்று எடுத்துத் தந்தேன்.
அதை என் உள்ளங்கையிலேயே வைத்து
விரல்களை மடக்கிவிட்டு
கதவைச் சாத்திக்கொண்டாள்.