பிரிவு ஏழு, உட்பிரிவு ஆ

தெமட்டகொடையில் ஒரு டயர்க் கடையின் மேல்மாடி.
சுவரெல்லாம் முட்டை மட்டை ஒட்டினோம்.
யன்னலை அடைக்க ஃபர்ஹாத் கொண்டுவந்தது
அவன் மச்சானின் கலியாணத்துக்கு வாங்கிய மெத்தை.
கலியாணம் நின்றுபோயிருந்தது.

மின்சாரம் இரண்டே காலுக்கு வரும்,
ஐந்துக்குப் போகும்.
நடுவில் ரயில்.
தெவிந்து இரட்டைப் பெடலை மிதிக்கத் தொடங்கினால்
கீழே அடுக்கிய டயர்கள்
ஒன்றோடொன்று பேசும்.

பகலில் நான் காப்புறுதிக் கம்பெனியின் தொலைபேசிக் குரல்.
தமிழுக்கு மூன்றை அழுத்துகிறவர்களுக்கு
நான்தான் கிடைப்பேன்.
வணக்கம், டிலுக்சி பேசுறன்.
எட்டு மணித்தியாலம்
அந்தக் குரலுக்குப் பல் கிடையாது.

பாட்டுக்குச் சொல் தேடி அலையவில்லை.
ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில்
எறும்பு எழுத்தில் இருந்தது:
போர், படையெடுப்பு, உள்நாட்டுக் கலகம்,
கலவரம், ஊரடங்கு, தெய்வச் செயல்
இவற்றால் நேரும் இழப்புக்குக்
கம்பெனி பொறுப்பல்ல.
அதை வயிற்றிலிருந்து எடுத்துத்
தொண்டையின் அடியில் வைத்து அரைத்தேன்.
தெய்வச் செயல் என்ற இடத்தில்
கிட்டார் இரண்டும் நிற்கும்.
என் மூச்சு மட்டும் அறைக்குள் நடக்கும்.

மூன்றாம் நாள் பொலிஸ் வந்தது.
இருவர். ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை.
மேலே யாரையோ வைத்து அடிக்கிறார்கள் என்று
தகவல் வந்ததாம்.
அறை அறையாகப் பார்க்க வேண்டும் என்றார்கள்.
ஒரே அறைதான்.
மெத்தைக்குப் பின்னாலும் பார்த்தார்கள்.

கத்தியது யார்?
நான்.
அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்தார்.
திரும்ப என்னைப் பார்த்தார்.
உன்னைக் கத்தவைத்தது யார்?
ஒருவருமில்லை. பாட்டு.
என்ன பாட்டு?
பகல் குரலை எடுத்துச் சிங்களத்தில் சொன்னேன்,
பிரிவு ஏழு, உட்பிரிவு ஆ,
ஒரு கமாவும் விடாமல்.
தலைக்கவசத்துக்குள்ளிருந்து மற்றவர் சொன்னார்:
என் மோட்டார் சைக்கிளுக்கும்
இதைத்தான் சொன்னார்கள்.

பதிவை நிறுத்த மறந்திருந்தோம்.
படிக்கட்டில் இரண்டு சோடிச் சப்பாத்து இறங்குவதும்
அதற்குப் பிறகு யாரோ ஒருவர் தும்முவதும் இருக்கிறது.
வெட்டவில்லை.
நான்காவது பாட்டு அப்படித்தான் முடிகிறது.

இருநூறு சீடி அடித்தோம்.
அட்டை முழுக்கக் கறுப்பு, மூலையில் எறும்பு எழுத்து.
பொரளையில் வெளியீடு. முப்பத்தெட்டுப் பேர்,
அதில் ஒன்பது பேர் வேறு குழுக்களின் ட்ரம்ஸ்காரர்கள்,
தெவிந்துவின் காலை மட்டும் பார்க்க வந்தவர்கள்.
மண்டபத்துக் காவல்காரர்தான்
கடைசிவரை தலையாட்டினார்.
ஆங்கிலப் பத்திரிகை எழுதியது:
மொழி புரியாவிட்டாலும் கோபம் புரிகிறது.
தமிழ்ப் பத்திரிகை எழுதியது:
மொழி புரியவில்லை.
கம்பெனியில் ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்,
வசனம் அவர்களுடையது.

நூற்றைம்பத்தொன்று இன்னும் என் கட்டிலுக்கடியில்.

நேற்று ஒரு அழைப்பு.
கொட்டாஞ்சேனை, தையல் கடை,
ஊரடங்கு இரவில் எரிந்தது. ஐந்து மெஷின்,
பள்ளிக்கூடச் சட்டை நூற்றிருபது.
கோப்பைத் திறந்தேன். பக்கம் பதினொன்று.
சொன்னேன், எப்போதும் சொல்வதுபோல.
அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பின்னால் ஓட்டோ ஒன்று போனது.

டிலுக்சி எண்டு சொன்னனீர், பிள்ளை.
என்ரை மகனிட்டை ஒரு கறுத்த சீடி கிடக்கு.
இதே சொல்லுத்தான், நான் கேட்டனான்.
நிப்பாட்டடா எண்டு பேசினனான்.
இப்ப எனக்கு
அந்த மாதிரி ஒருக்காச் சொல்லும்.

தர மேம்பாட்டுக்காக
இந்த அழைப்பு பதிவுசெய்யப்படுகிறது.
கண்ணாடிக்கு அப்பால் மேற்பார்வையாளர்
பிளேன்ரீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.
ஹெட்செட்டின் மைக்கை
வாயிலிருந்து இரண்டு விரல் தள்ளிவைத்தேன்,
ஃபர்ஹாத் அளந்து காட்டிய தூரம்.