இடைவெளி நாள்

ஆண்டறிக்கைக்குக் கணக்குக் கேட்கிறார்கள் மேலிடத்தில்.
கோல ரம்பை மாவட்ட மன்றத்தில் மொத்தம் எத்தனை பேர்,
எந்த இனம் எத்தனை, பெண்கள் எத்தனை,
எல்லாம் விழுக்காட்டில்,
புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்வரை.

மொத்தம் எழுபத்து நான்கு.
இந்தியர், பெண், நிரந்தரம், நிர்வாகம் என்ற கட்டத்தில்
ஒன்று.
ஒன்று புள்ளி மூன்று ஐந்து விழுக்காடு.
அது நான்தான்.

மகனைப் பெற்றெடுக்கப் போன மூன்று மாதமும்
நான் குறையவில்லை.
விடுப்பில் இருப்பவரும் கணக்கில் உண்டு,
விதி அப்படி.
வீட்டில் பத்தியச் சோறு தின்றபடி
அட்டவணையில் வேலை பார்த்தேன்.

துப்புரவில் இருபத்தாறு பேர், ஒப்பந்தம்.
டிசம்பர் முப்பத்தொன்றில் முடியும்.
ஜனவரி இரண்டில் தொடங்கும்.
நடுவே ஒரு நாள் விட்டுவைப்பது வழக்கம்,
தொடர்ந்து உழைத்தவர் என்று
யாரும் ஆகிவிடாமலிருக்க.
செங்கமலம் அக்கா பதினோரு வருஷத்தில்
பதினோரு முறை புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்.
பதினோரு முறையும்
மருத்துவச் சோதனைக்கு அவர் கைக்காசு.

ஆனால் ஊருக்கு அந்த ஒரு நாள்தான் திருவிழா.
மூன்று டிவிசன் ஜனமும் வேன் பிடித்து வந்து
திடலில் வாணவேடிக்கை பார்த்துவிட்டுப் போகும்.
விடிந்தால் சாத்தே குச்சி, தேத்தண்ணி பாக்கெட்,
வெடித்த காகிதம், யாரோ ஒருவரின் ஒற்றைச் செருப்பு.
ஆலைப் புகையில் செம்பனை வாடை.
ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு
பால் மாவு வாங்க அந்த வழியாகப் போனேன்.
திடல் சுத்தமாக இருந்தது.
எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆறாம் தேதி மூன்று மிகைநேரப் படிவங்கள்
என் மேசைக்கு வந்தன.
செங்கமலம், அந்தோணிராஜ், பாக் சமாட்.
ஜனவரி ஒன்று, காலை மூன்றரை முதல் ஏழு.
மேற்பார்வையாளர் யாப் கையெழுத்துப் போட்டிருந்தார்.
கணினி சிவப்பில் சொன்னது:
இந்தத் தேதியில் இந்த எண்ணில் பணியாளர் இல்லை.

துவான் ரொஸ்லான் நல்ல மனுஷர்.
தகுதி, நியாயம், வெளிப்படை என்று
சுவரில் தொங்கும் பலகையை
ஆணியடித்து மாட்டியவரே அவர்தான்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"யார் கூட்டச் சொன்னது?"

கீழே போய்க் கேட்டேன்.
ஸ்டோருக்குப் பின்னால் பைப்படியில்
துடைப்பத்தை அலசிக்கொண்டிருந்தார் அக்கா.
"யாரும் சொல்லலம்மா.
ரெண்டாந்தேதி வந்து
ரெண்டு நாள் குப்பைய
நாங்கதானே அள்ளணும்?"
பிறகு, தலை நிமிராமல்,
"காசு வருமா, வராதா? அதச் சொல்லு."

மாடி ஏறி வந்து அட்டவணையைத் திறந்தேன்.
மேலே ஒரு கட்டம்: எந்தத் தேதி நிலவரம்.
கட்டாயம் நிரப்ப வேண்டியது.
வருஷா வருஷம் டிசம்பர் முப்பத்தொன்று போடுவோம்.
ஆள் நிறைய இருக்கும்,
எல்லா இனமும் அளவாகத் தெரியும்,
மேலிடத்துக்கும் பிடிக்கும்.
ஜனவரி ஒன்று என்று அடித்தேன்.

எழுபத்து நான்கு நாற்பத்தெட்டானது.
இந்தியர் வரிசை இற்று விழுந்தது.
பாக் சமாட்டோடு சேர்ந்து
மலாய்க்காரர் எண்ணும் இறங்கியது.
நான் மட்டும் வளர்ந்திருந்தேன்,
இரண்டு புள்ளி பூஜ்யம் எட்டு.
அடியில் குறிப்புக்கு இடம் விட்டிருந்தார்கள்.
அன்று திடலைக் கூட்டியவர்கள்: மூவர்.
மேற்கண்ட எதிலும் இல்லை.

"தேதி தப்பா அடிச்சிட்டியா?" என்றார் துவான்.
இல்லை துவான், என்றேன்.
பேனா மூடியைத் திறந்தார்.
மூடினார்.
இன்று பதினாறாம் தேதி.
தாள் அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.
படிவம் மூன்றும் என் இழுப்பறையில்.
பைப்படியைக் கடக்கும்போதெல்லாம்
நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன்.